பதினேழாவது போல்ட்

அந்தப் பேப்பரைச் செருகாதீர்கள் சார். கொஞ்சம் பொறுங்கள், ஜன்னல் ஷட்டர் ஆடட்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் காது இருக்கிறது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவே நின்றுவிடும். டிரைவர் கியரை மாற்றட்டும். ம்... ம்... இப்போது. பார்த்தீர்களா? நின்றுவிட்டது. யாரும் தொடவில்லை.

ராஜபாளையத்தில் ஏறியதிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறேன். இது ஏழாவது தடவை. வேகம் ஏற ஏற ஆட்டமும் கூடிக்கொண்டே போய், ஐம்பத்தைந்தில் பொத்தென்று அடங்குகிறது. அப்படியானால் வேகம் குறையும்போது அதே ஐம்பத்தைந்தில் திரும்ப ஆரம்பிக்க வேண்டும், நியாயம் அதுதானே? ஆரம்பிக்காது. நாற்பத்தாறுக்கு இறங்கிய பிறகுதான் குபீரென்று பிடிக்கும். வேகம் எனக்கு எப்படித் தெரியும் என்றா கேட்கிறீர்கள்? கிலோமீட்டர் கல்லுக்குக் கல் வாட்சைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். டிரைவர் முன்னால் இருக்கிற முள்ளை நம்பினால் இந்த பஸ் இன்னும் டெப்போவைவிட்டுக் கிளம்பவே இல்லை.

பொதுவாக நான் இப்படிப் பேசுகிற ஆள் இல்லை. கூச்ச சுபாவம். முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினால் கொஞ்சம் வரும், அதனால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே போகிறேனா? காலேஜ் விலக்கில் இறங்க வேண்டும். இன்றைக்கு எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். இதோ, அழைப்பிதழ். மூன்றாவது பக்கம், கீழே, சின்ன எழுத்தில். 'முப்பத்தேழு ஆண்டுகள் உழைத்த உதவியாளர் திரு. ஐயம்பெருமாள் அவர்களுக்குச் சிறப்புச் செய்தல்.' இதில் எத்தனை தப்பு சொல்லுங்கள் பார்க்கலாம். மூன்று. முப்பத்தேழு ஆண்டு இல்லை, முப்பத்தேழு ஆண்டு, நான்கு மாதம், பதினோரு நாள். உதவியாளர் இல்லை, இரண்டாம் நிலை ஆய்வக உதவியாளர். எட்டாம் வகுப்பு படித்தவன் அந்த 'இரண்டாம் நிலை'க்கு வர எத்தனை வருஷம் ஆனது என்று அச்சடித்தவனுக்குத் தெரியுமா? மூன்றாவது, என் இனிஷியலையே காணோம். விழா நாயகர் டாக்டர் குற்றாலநாதன் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் மொத்தம் பதினெட்டு எழுத்து நிற்கிறது. எனக்கு ஒரே ஒரு 'சு'. அதற்கு இடமில்லை.

அதிர்வு லேப் சார் எங்களுடையது. பொருளை ஆட்டிப் பார்ப்பதுதான் வேலை. அடியில் ஆட்டும் மெஷின், அதன்மேல் இரும்புச் சட்டம், அந்தச் சட்டத்தில் இருபத்திநான்கு போல்ட் போட்டுத் தகட்டை இறுக்குவோம். திருகைத் திருப்பினால் ஆட்டத்தின் வேகம் கூடும். விநாடிக்கு நூறு ஆட்டம், நூற்றைம்பது, இருநூறு. ஏதோ ஒரு எண்ணில் தகடு பேய் பிடித்தது மாதிரி ஆடும். அந்த எண்ணைப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பேருக்கு டாக்டர் பட்டம்.

தேனடைத் தகடு பார்த்திருக்கிறீர்களா? மேலே ஒரு மெல்லிய அலுமினியத் தகடு, கீழே ஒன்று, நடுவில் தேன்கூடு மாதிரி ஆறு மூலை அறை அறையாக அலுமினியத் தாள். கையில் எடுத்தால் அப்பளக் கட்டுபோல இருக்கும். மேலே ஆள் ஏறி நின்றாலும் நெளியாது. விமானத்தின் தரை, கதவு எல்லாம் அதில் செய்கிறார்கள். ஒரு தகட்டில் நான்காயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு அறை. ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டதைச் சேர்க்கவில்லை.

முதல் பார்சல் வந்தபோது எங்கள் ஸ்டோர் கீப்பர் கொம்பையா என்ன செய்தார் தெரியுமா? பெட்டிமேல் 'ஹனி' என்று இருந்ததை மட்டும் படித்துவிட்டார். பெட்டியைத் தூக்கி ஒரு மேஜைமேல் வைத்து, மேஜையின் நான்கு காலுக்கும் கீழே நான்கு கிண்ணியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். "எறும்பு ஏறிரக் கூடாதுல்லா அண்ணாச்சி" என்றார். பதினாறு நாள் அந்த அலுமினியத்தை எறும்பிடமிருந்து காப்பாற்றினார். ஒரு எறும்பு ஏறவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தகட்டை ஆராய்ச்சி செய்ய வந்தவள்தான் எஸ்தர் ஜெபக்கனி. சாயர்புரம் பக்கம். அப்பா உப்பளத்தில் வேலை. இது நடந்து பதினான்கு வருஷம் ஆகிறது. நான்கு வருஷம் எங்கள் லேப்பில் இருந்தாள். தினமும் சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் நின்று, "வாரேன் அண்ணாச்சி" என்பாள். ஒரு நாள் தவறாது. மற்ற ஆராய்ச்சி மாணவர்களுக்கு நான் அந்த மேஜை, ஸ்டூல் வரிசையில் ஒன்று. குறை சொல்லவில்லை. நானும் தலையைத் தூக்கிப் பார்க்கிறவன் இல்லை.

நான் திருகைத் திருப்பி எண்ணைச் சொல்வேன், அவள் எழுதுவாள். நானும் என் நோட்டில் எழுதிக்கொள்வேன். அது என் பழக்கம், யாரும் சொல்லவில்லை. மெதுவாக ஆட்டினால் தகடு ஒழுங்குப் பிள்ளை. ஒரே எண். பலமாக ஆட்டினால்தான் வந்தது வினை. மேலே போகும்போது ஆட்டம் கூடிக் கூடி, நூற்று எண்பத்தேழில் பொத்தென்று விழுந்தது. கீழே வரும்போது அதே நூற்று எண்பத்தேழில் ஏற வேண்டும் இல்லையா? ஏறவில்லை. நூற்று எழுபத்திநான்கில்தான் ஏறியது. பதின்மூன்று வித்தியாசம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் திருகில் பதின்மூன்றா? அரை வித்தியாசம் வந்தாலே எனக்கு ஆகாது.

ஜெபக்கனிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தப்பு இல்ல அண்ணாச்சி. பெருசா ஆடும்போது தகடு இழுத்துப் பிடிச்சு விறைச்சுக்கிடுது. மேல போகையில விடாம பிடிச்சுக்கிட்டே போயி, தாங்க முடியாம ஒரு இடத்துல விழுது. விழுந்தது விழுந்ததுதான். கீழ வரும்போது ரொம்ப தூரம் வந்தாத்தான் திரும்ப எந்திரிக்கும். எங்கேருந்து வந்தோம்னு அதுக்கு ஞாபகம் இருக்கு."

இதை அப்படியே போய் டாக்டர் குற்றாலநாதனிடம் சொன்னாள். அவர்தான் அவளுக்கு வழிகாட்டி. அறைக்கு வெளியே நான் நின்றிருந்தேன், கேட்டது.

"தகட்டுக்கு ஞாபகமா? அப்ப பட்டத்தை அதுக்கே குடுத்துரலாமேம்மா, நீ எதுக்கு நடுவுல? ஒரு பொருளுக்கு ஒரு எண்தான். ரெண்டு எண் வருதுன்னா ஒண்ணு போல்ட்டு லூசு, இல்ல..." அப்புறம் சொன்னதை நான் சொல்ல மாட்டேன். அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் ஆராய்ச்சி செய்த காலத்திலும் திருகு என் கையில்தான். மேலே போகும்போது பக்கத்தில் நின்று எழுதுவார். உச்சி வந்து விழுந்ததும், "அவ்வளவுதான் ஐயம்பெருமாள், அணைச்சிருங்க" என்று டீ குடிக்கப் போய்விடுவார். இருநூற்றுப் பத்து தடவை மேலே போனோம். கீழே வந்தபோதெல்லாம் அவர் கேன்டீனில் இருந்தார். கீழே வரும்போது நான் பார்த்தேனா என்றால், அதைப் பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லையே சார்.

ஆடியிலிருந்து புரட்டாசி வரை போல்ட் முறுக்கினேன். அவர் லூசு என்பார், நான் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முறுக்குவேன். பத்தொன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே நூற்று எண்பத்தேழு, அதே நூற்று எழுபத்திநான்கு. போல்ட்டுக்கெல்லாம் பெயின்ட்டில் நம்பர் போட்டு வைத்திருப்பேன். அதில் பதினேழாவதுக்கு மட்டும் மரை தேய்ந்துபோய், கடைசிக் கால் சுற்று வழுக்கும். புதிது கேட்டு ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்து நாற்பத்துமூன்று நாள் ஆகியிருந்தது. எறும்பிடம் காட்டின அக்கறையைக் கொம்பையா போல்ட்டிடம் காட்டவில்லை.

அப்புறம் கமிட்டி கூடியது. ஜெபக்கனியின் நான்கு வருஷ வேலையை ஏற்பதா, தள்ளுவதா என்று அன்றைக்கு முடிவு. மூன்று பேர். ஒருவர் தூங்கினார். ஒருவர் தூங்குகிறவரை எழுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் வெளியூர் நிபுணர், முந்திரிப் பருப்பு சாப்பிட்டார். பதினோரு பருப்பு. அவள் படம் போட்டுக் காட்டி நன்றாகத்தான் சொன்னாள். கடைசியில் நிபுணர் கேட்டார்:

"இதுக்கு போல்ட் போட்டது யாரு?"

என்னைக் கூப்பிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் நான் அதுவரை நின்றதில்லை.

"எல்லா போல்ட்டும் டைட்டாத்தான இருந்துச்சு?"

ஜெபக்கனி என்னைப் பார்த்தாள். 'ஆமா' என்றால் ஒரு வார்த்தை, முடிந்தது. ஆனால் அவர் கேட்டது எல்லா போல்ட்டும் என்று. எல்லாம் என்றால் இருபத்திநான்கு. இருபத்துமூன்றை எல்லாம் என்று எப்படிச் சொல்வது?

"இருபத்துமூணு டைட்டு சார். பதினேழாவது மட்டும் கால் சுத்துக் கம்மி" என்றேன்.

முந்திரிக்குப் போன கை பாதியில் நின்றது. தூங்கினவர் விழித்துக்கொண்டார். டாக்டர் குற்றாலநாதன் எழுந்தே விட்டார்.

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல? போல்ட்டு லூசு, போல்ட்டு லூசுன்னு! நாலு வருஷம் ஆராய்ச்சி பண்ணுன பொண்ணுக்குத் தெரியல, எட்டாங்கிளாஸ் படிச்ச மனுசனுக்குத் தெரியுது. பாருங்கய்யா, இதுதான் உண்மை!" என்று என் தோளில் கையை வைத்தார். இருபத்துமூன்று வருஷத்தில் அவர் கை என்மேல் பட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது சார், பொய் சொல்ல மாட்டேன்.

"சார், ஒரே ஒரு போல்ட்டு, அதுவும் கால் சுத்து, அதுக்கு இவ்வளவு வித்தியாசம் வராது சார். அப்படியே வந்தாலும், லூசா இருக்கது மேல போறப்பவும் கீழ வரப்பவும் ஒண்ணுபோலத்தான இருக்கும்? அது எப்படி சார் ரெண்டு எண்ணாகும்?" என்று ஜெபக்கனி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் அதற்குள் காபி வந்துவிட்டது.

'அளவெடுப்பு நம்பத்தக்கதாக இல்லை. வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கலாம்.' இரண்டே வரி. நான்கு வருஷத்துக்கு இரண்டு வரி. அவளுக்கு இருந்த காலக்கெடுவோ இன்னும் ஒரு மாதம்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கிளம்பினாள். வாசலில் நிற்கவில்லை. 'வாரேன் அண்ணாச்சி' சொல்லவில்லை. நான் பெரியதாக என்ன எதிர்பார்த்தேன்? உள்ளதை உள்ளபடி சொன்னவனுக்கு வழக்கமான இரண்டு வார்த்தை. அதுகூட இல்லை. எனக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பொய் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பாளாக இருக்கும். உலகம் அப்படி.

என்ன சார்? மறுபடி சொல்லுங்கள், காற்றில் கேட்கவில்லை.

போல்ட்டை மாற்றிப் பார்த்தீர்களா என்றா கேட்டீர்கள்? சரியான கேள்வி. இதைக் கேட்ட மூன்றாவது ஆள் நீங்கள்.

மாற்றினேன். கமிட்டி கூடியது மூன்றாம் தேதி. பன்னிரண்டாம் தேதி கொம்பையா போல்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார், ஏதோ தங்க மோதிரம் கொடுக்கிற மாதிரி. அன்றைக்கே கழற்றி மாட்டினேன். இருபத்திநான்கும் இறுக்கம். ஆட்டத்தை அளக்கிற சில்லைத் தகட்டில் தேன்மெழுகு வைத்து ஒட்டினேன். எங்கள் தேனடையில் தேன்கூட்டுச் சம்பந்தம் உள்ளது அந்த மெழுகு ஒன்றுதான். லேப்பில் நான் மட்டும். மேலே போனேன். நூற்று எண்பத்தேழு. கீழே வந்தேன். நூற்று எழுபத்திநான்கு. ஐந்து தடவை. அரைகூட மாறவில்லை. முப்பத்தொன்றாம் நோட்டு, அறுபத்திரண்டாம் பக்கம். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இதோ இந்தப் பைக்குள் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள்.

சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்கள். யாரிடம்? மாடிக்குப் போய், கதவைத் தட்டி, 'ஐயா, நீங்கள் சொன்னது தப்பு' என்றா? என் சுபாவம் அப்படி இல்லை சார். கேட்டால் சொல்வேன். கேட்ட அளவுக்குச் சொல்வேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதற்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது, அதிகப்பிரசங்கித்தனம். டாக்டர் குற்றாலநாதனுக்கு ஒரு பொருளுக்கு ஒரு எண். எனக்கு ஒரு கேள்விக்கு ஒரு பதில்.

இரண்டாவதாகக் கேட்டவர் அவர்தான். மூன்று வருஷம் கழித்து. வெளியிலிருந்து யாரோ பெரிய மனிதர் வந்து எங்கள் காலேஜில் பேசினார். திரையில் படம் போட்டார். மேலே போகும்போது ஒரு இடத்தில் விழுகிறது, கீழே வரும்போது வேறு இடத்தில் ஏறுகிறது, இது ஊரறிந்த விஷயம், இப்படி ஆடாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார். கூட்டம் முடியுமுன் டாக்டர் குற்றாலநாதன் மாடிப்படியில் இறங்கி என்னிடம் வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"ஐயம்பெருமாள், அந்தப் பொண்ணு எடுத்த ரீடிங் உம்ம நோட்டுல இருக்கா? போல்ட்ட மாத்திட்டு எடுத்தது ஏதும் உண்டா?"

"உண்டு சார்."

"என்ன வந்துச்சு?"

சொன்னேன். கேட்டார், சொன்னேன். நோட்டைக் கேட்டார், கொடுத்தேன். பதினோரு நாள் கழித்து அறுபத்திரண்டாம் பக்கத்தில் காபிக் கறையோடு திரும்பி வந்தது. அடுத்த வருஷம் அந்த எண்களோடு அவர் பெயரில் கட்டுரை வந்தது. அதற்கு ஒரு பரிசு. அதிலிருந்து ஒன்பது கட்டுரை. இன்றைக்கு விழாவே அதற்குத்தான், 'தேனடைத் தகடுகளின் அதிர்வில் புதுப்பாதை கண்டவர்'. இப்போது அவர்தான் மேடை மேடையாகச் சொல்கிறார், "தகட்டுக்கு ஞாபகம் உண்டு" என்று. எல்லாரும் கை தட்டுகிறார்கள். அழைப்பிதழின் கடைசிப் பக்கத்தில் என்னைப் பற்றியும் ஒரு வரி, 'உண்மையைத் தவிர வேறு அறியாதவர்'. அது சரி. அதில் தப்பு இல்லை.

ஜெபக்கனி பெயரா? இல்லை. நான்கு பக்கமும் பார்த்தேன். ஏதோ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள் என்று கேள்வி.

மேடையில் சொல்லலாமே என்கிறீர்கள். என்னைப் பேசச் சொல்லவில்லை சார். ஏற்புரை அவருக்கு மட்டும்தான். ஆனாலும் நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். யாராவது கேட்டால்?

ம். பஸ் மெதுவாகிறது, கவனியுங்கள். ஐம்பத்தைந்து... ஐம்பது... இன்னும் சத்தமில்லை பாருங்கள்.

முதலில் கேட்டது யார் என்கிறீர்கள்.

அவள்தான்.

இருபத்திரண்டாம் தேதி. காலேஜ் வாசலில் டிரங்குப் பெட்டியோடு நின்றாள். ஆட்டோ காத்திருந்தது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறேன்.

"அண்ணாச்சி" என்றாள்.

நின்றேன்.

"அந்தப் போல்ட்ட மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சும்மா. பன்னிரண்டாம் தேதி."

அவள் அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். நான் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது செருப்பின் வார் அறுந்து, கறுப்பு நூலில் தைத்திருந்தது. ஏழு தையல். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை. இன்னொரு தடவை அடித்தார்.

"சரி. வாரேன் அண்ணாச்சி" என்றாள்.

அன்றைக்குச் சொன்னாள். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கணக்கு உதைக்கும்.

இதோ, கேளுங்கள், பிடித்துவிட்டது! நாற்பத்தாறு. எட்டாவது தடவை.

அவள் கேட்டது 'மாத்தியாச்சா' என்று சார். மாற்றியாயிற்று என்றேன். அது உண்மை. என்ன வந்தது என்று கேட்கவில்லை. கேட்டாளா? நீங்களே சொல்லுங்கள்.

சார்?

சரி, கொஞ்சம் வழி விடுங்கள். விலக்கு வந்துவிட்டது. நீங்கள் இப்போது அந்தப் பேப்பரைச் செருகிக்கொள்ளலாம்.